எல்லாம் காக்கைதானே!

ஒரு சாமானை எந்தக் காரியத்துக்காக வாங்கினோமோ அதற்கு நேர் விரோதமான காரியத்துக்கே அதை உபயோகிக்கிற மனிதர்கள் யார் யார் என்று ஒரு ஜாபிதா தயாரித்தால், அதில் முதல் ஸ்தானம் அந்தி வேளையில் பறவைகளைப் படம் பிடிப்பவர்களுக்கே கிடைக்கும் என்பது என் அபிப்பிராயம். தோள்பட்டையை இழுத்து இறக்குகிற அந்த நீண்ட லென்ஸை விற்கும் கடைக்காரர், தூரத்து மரக்கிளையில் உட்கார்ந்திருக்கும் கொக்கின் இறகை இழை இழையாகப் பார்க்கலாம், அதன் கண்ணின் மஞ்சள் வளையத்தைக்கூடத் தெளிவாகப் பிடித்துவிடலாம் என்று சத்தியம் செய்து, ஒரு சிறிய கல்யாணத்தை நடத்தி முடிப்பதற்குப் போதுமான தொகையைப் பெற்றுக்கொண்டு அதை நம் கையில் ஒப்படைக்கிறார். நாமும் அதைச் சிரத்தையாகத் துடைத்து, மெத்தென்ற பையில் வைத்து, ரயிலும் பஸ்ஸும் ஏறி, அஸ்தமன சமயத்தில் சூரியனுக்கு எதிரே போய் நின்று, இறகில் ஓர் இழைகூடத் தெரியாதபடியும், கண் என்று ஒன்று இருந்ததற்கான தடயமே அகப்படாதபடியும், பறவையை உச்சி முதல் உள்ளங்கால் வரை கரி பூசி எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறோம். காசு கொடுத்து வாங்கிய நுட்பத்தை இவ்வளவு பிரயாசைப்பட்டு இழக்கிற மார்க்கம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

இதைச் சோம்பேறிகளின் கலை என்று சொல்லுகிற நண்பர்கள் எனக்கு உண்டு. பறவையின் நிறமும் தெரிய வேண்டாம், இறகும் தெரிய வேண்டாம், ஆணா பெண்ணா என்ற விசாரமும் வேண்டாம் என்று ஆகிவிட்டால் அப்புறம் எடுப்பவனுக்கு என்ன சிரமம் என்பது அவர்கள் கேள்வி. நான் சொல்ல வருவது இதற்கு நேர்மாறானது. வர்ணம் என்பது ஒருவகைத் தாட்சண்யம். மீன்கொத்தி எந்தக் கோணத்தில் எவ்வளவு அசட்டுத்தனமாக உட்கார்ந்திருந்தாலும் அதன் நீல நிறத்தைக் கண்டு நாம் மயங்கி, அதற்குத் தேர்ச்சி மார்க்குப் போட்டு அனுப்பிவிடுகிறோம். நிறத்தைப் பிடுங்கிக்கொண்ட பிறகு கழுத்தை எப்படி வைத்திருக்கிறது, காலை எங்கே நீட்டியிருக்கிறது, சிறகை எந்த உயரத்தில் தூக்கியிருக்கிறது என்கிற நடத்தை ஒன்றைக் கொண்டுதான் அந்தப் பறவை தன்னை நிரூபித்துக்கொள்ள வேண்டும். இது பறவைக்கு மட்டும் வைக்கிற பரீட்சை அல்ல, பார்ப்பவனுக்கும் சேர்த்தே வைப்பது. இந்த இரண்டாவது பகுதியில்தான் என் வீட்டார் ஏகோபித்துத் தோல்வியடைந்தார்கள். அதைப் பின்னால் சொல்லுகிறேன்.

இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும் பிடித்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இதற்கு மதிப்புள்ள வமிச பரம்பரை ஒன்று உண்டு. 1878-ஆம் வருஷம் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்பவர், ஓடுகிற குதிரையின் நான்கு கால்களும் ஏக காலத்தில் தரையை விட்டு எழும்புகின்றனவா என்ற பெரிய சர்ச்சையைத் தீர்ப்பதற்காக வரிசையாகப் பல காமிராக்களை நிறுத்தி எடுத்த படங்களில், குதிரையும் சவாரி செய்தவரும் பெரும்பாலும் கறுத்த உருவங்களாகவே விழுந்தார்கள். ஆனால் சர்ச்சை தீர்ந்துபோயிற்று. குதிரையின் நிறம் சிவப்பா வெள்ளையா என்று கோர்ட்டில் யாரும் கேட்கவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1882-இல், எத்தியேன் ழூல் மாரே என்ற பிரெஞ்சு தேக சாஸ்திர நிபுணர் இதைவிட விநோதமான காரியம் ஒன்று செய்தார். துப்பாக்கி மாதிரியே கட்டையும் குழலும் விசையும் உள்ள காமிரா ஒன்றைத் தயாரித்து, இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்துக் கடலோரமாக நின்று, பறக்கிற பறவைகளைக் குறிபார்த்துச் சுட்டார். விசையை ஒரு முறை இழுத்தால் ஒரு விநாடிக்குள் பன்னிரண்டு படங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒளி பட்ட நேரம் விநாடியில் 720-இல் ஒரு பங்கு. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பறவைகளின் பின்னால் அலைந்து, ஒன்றையாவது வீழ்த்தாமல், அதற்காகச் சற்றும் வருத்தப்படாமல் வீட்டுக்குப் போகிற அந்த மனிதரைப் பார்த்து, பாவம், புத்தி சுவாதீனம் இல்லாதவர் என்று சுற்றுப்புறத்தார் பேசிக்கொண்டதாக ஒரு கதை உண்டு. என்னைப் பற்றி என் தெருவில் நிலவுகிற அபிப்பிராயமும் ஏறக்குறைய இதுவேயாதலால், அந்தப் பெரியவரிடம் எனக்கு விசேஷமான பந்துத்துவம் ஏற்பட்டுவிட்டது.

அவருக்கு நேப்பிள்ஸ் எப்படியோ எனக்கு வேடந்தாங்கல் அப்படி. சென்னையிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தூரத்தில், சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள ஏரி அது. வடகிழக்குப் பருவமழையில் நீர் நிரம்பியதும் நவம்பர் முதல் மார்ச் வரையில் நாரைகளும் கொக்குகளும் கூழைக்கடாக்களும் ஆயிரக்கணக்கில் வந்து, நீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களில் கூடு கட்டிச் சம்சாரம் நடத்துகின்றன. பறவைகள் வாடகையாகக் கொடுப்பது அவற்றின் எச்சம். அது கலந்த ஏரித் தண்ணீர் பாய்கிற வயல்களுக்குத் தனியாக உரம் போட வேண்டிய அவசியம் குறைந்துபோகிறது என்பதை அந்த ஊர்க் குடியானவர்கள் எந்த விவசாயக் கல்லூரியும் ஏற்படுவதற்கு முன்பே தெரிந்துவைத்திருந்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட ஆரம்பித்தபோது அவர்கள் சும்மா இருக்கவில்லை. 1798-இல் செங்கற்பட்டு ஜில்லாக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைக் காப்பதற்கான உரிமையை எழுதி வாங்கிக்கொண்டார்கள். தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காமல் இருக்கிற ஊர் அது. 2022-இல் ராம்சர் ஒப்பந்தத்தின்படி சர்வதேச முக்கியத்துவம் உள்ள நீர்நிலை என்ற பட்டமும் அதற்குக் கிடைத்தது. அந்தப் பட்டத்தைப் பற்றிப் பறவைகள் அபிப்பிராயம் ஒன்றும் தெரிவித்ததாகத் தகவல் இல்லை.

அங்கே வருகிற ஜனங்கள் ஏரிக்கரை மீது வரிசையாக நின்று ஏரியைப் பார்க்கிறார்கள். நான் மட்டும் சூரியன் எந்தத் திசையில் இறங்குகிறானோ அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கூடுகளும் குஞ்சுகளும் கோலாகலமும் ஒரு பக்கம் இருக்க, ஒன்றுமே இல்லாத வெறும் ஆகாயத்தை நோக்கி ஒரு முழ நீளக் குழலை நீட்டிக்கொண்டு நிற்கிற மனிதனைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வருவது சகஜம். ஒரு சமயம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்து வந்த ஆசிரியர் ஒருவர், நான் பார்க்கிற பக்கத்தில்தான் ஏதோ அபூர்வமான பறவை இருக்கிறது என்று தீர்மானித்து, ஐம்பது பிள்ளைகளையும் ஏரிக்கு முதுகு காட்டித் திருப்பி நிறுத்திவிட்டார். ஐம்பது ஜோடிக் கண்களும் ஒன்றுமில்லாத ஆகாயத்தைச் சிரத்தையாக ஆராய்ந்துகொண்டிருந்த அந்த வேளையில், ஏரியின் நடுவே கூழைக்கடா ஒன்று தன் குஞ்சுக்கு வாயைப் பிளந்து மீன் ஊட்டியது என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

ஆகாயத்தைப் பார்த்து நின்றுவிட்டால் காரியம் முடிந்துபோயிற்று என்றும் சொல்ல முடியாது. காமிராவுக்கென்று ஒரு மனச்சாட்சி இருக்கிறது; அதனுடன் தினந்தோறும் வாதாட வேண்டும். காமிராவுக்குள்ளே வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் என்று ஒன்று உண்டு. தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பியனுப்புகிற ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம்தான் சிருஷ்டியின் சராசரி என்று அது நம்புகிறது. மரங்களின் இருட்டு படத்தில் பாதியை அடைத்துக்கொண்டாலும், கறுத்த பறவையின் மேல் நாம் குறியை வைத்தாலும், ‘ஐயோ, இருட்டாக இருக்கிறதே’ என்று பதறிப்போய் வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. விளைவு, ஆகாயத்தின் குங்குமச் சிவப்பெல்லாம் வெளுத்துப்போய், பறவையும் கறுப்பாக இல்லாமல், வெளுப்பாகவும் இல்லாமல், அழுக்குச் சாம்பலாக நிற்கும். ஆகாயத்தை மட்டும் அளந்து, அதிலிருந்தும் ஒன்று அல்லது இரண்டு ஸ்டாப் குறைத்து, ‘இருட்டாகவே இருக்கட்டும், உத்தரவு’ என்று கட்டளையிட்டால்தான் அது அடங்கும். இந்தக் காலத்துக் காமிராக்கள் இன்னும் ஒரு படி மேலே போய்ப் பறவையின் கண்ணைத் தேடிக் கண்டுபிடித்து அதன் மேல் குவியும்படி பயிற்சி பெற்றிருக்கின்றன. கரிய உருவத்தில் கண்ணைத் தேடி அந்தச் சிறிய சதுரக் கட்டம் அலகுக்கும் வாலுக்கும் இடையில் அலைவதைப் பார்க்கும்போது, கல்யாண வீட்டில் மூக்குக் கண்ணாடியைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற தாத்தாவின் ஞாபகம் வந்து மனம் இளகுகிறது.

இந்த விவகாரத்தையெல்லாம் தீர்த்துக்கொள்ள நமக்குக் கிடைக்கிற அவகாசமோ மிகச் சொற்பம். பெரியவர்கள் முகூர்த்தம் என்றால் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிஷம் என்று தாராளமாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை சற்றுத் தாமதித்து மணைக்கு வந்தாலும் சமாளித்துக்கொள்ளலாம். நம்முடைய அட்சரேகையிலோ சூரிய பிம்பம் அடிவானத்தைத் தொட்டதிலிருந்து முழுகி மறைவதற்கு இரண்டு நிமிஷத்துக்குச் சற்று மேல்தான் ஆகிறது. பிம்பத்தின் நடுவே பறவை குறுக்கிடும்படி ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்பது இந்தத் துறையில் இறங்கிய அனைவருக்கும் உள்ள ஆசை. கணக்கைப் பார்த்தால் அந்த ஆசை சற்றுத் தணியும். சூரியன் நம் கண்ணுக்கு அரை டிகிரி அகலந்தான். சிறகை விரித்தால் ஒன்றரை மீட்டர் இருக்கிற ஒரு நாரை அந்த அரை டிகிரிக்குள் அடங்க வேண்டுமானால் அது 160 மீட்டருக்கு அப்பால் பறக்க வேண்டும். அதுவும் நானும் நாரையும் சூரியனும் ஒரே நேர்க்கோட்டில் வருகிற விதமாக, அந்த இரண்டு நிமிஷத்துக்குள், சிறகை உயர்த்திய நிலையில் வர வேண்டும். ஜாதகப் பொருத்தம் பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு நிபந்தனை போடுவதில்லை.

இதிலே இன்னொரு வேடிக்கை. பூமியைச் சூழ்ந்த காற்று மண்டலம் அடிவானத்தை ஒட்டி வருகிற ஒளியை அரை டிகிரிக்கும் சற்று அதிகமாகவே வளைத்துவிடுகிறது. ஆகையால் பிம்பத்தின் கீழ் விளிம்பு அடிவானத்தைத் தொடுவதாக நாம் காணும்போது, வாஸ்தவத்தில் சூரியன் முழுவதும் அடிவானத்துக்குக் கீழே போயாயிற்று. அந்தச் சிவப்பும் சூரியனுடைய சொந்தச் சொத்தல்ல. உச்சியில் இருக்கும்போது கடப்பதைப்போல் முப்பது மடங்குக்கும் மேற்பட்ட காற்றை ஊடுருவி வருகையில், நீல ஒளி வழியெல்லாம் சிதறிப்போக, எஞ்சி வந்து சேர்கிற பாக்கி அது. போகிக்குப் பழைய பாயும் துடைப்பமும் கொளுத்துகிற தினத்தில், மற்றவர்கள் இருமிக்கொண்டிருக்கும்போது, புகைமூட்டத்தில் செப்புத் தட்டுப் போல் இறங்குகிற சூரியனைக் கண்டு நான் உள்ளூரச் சந்தோஷப்படுகிறேன் என்பதை நகர சுகாதார அதிகாரிகள் அறியாதிருப்பதே நல்லது. ஆகக் கூடி, அங்கே இல்லாத சூரியனுக்கு எதிரே, அதற்குச் சொந்தமல்லாத நிறத்தின் பின்னணியில், நிறமே தெரியாத பறவையைப் பிடிக்கிற இந்தத் தொழிலில், சந்தேகமின்றிப் பிரத்தியட்சமாக இருக்கிற வஸ்து ஒன்றே ஒன்றுதான். அது பறவையின் கோட்டுருவம்.

அந்தக் கோட்டுருவத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டவனுக்கு ஆகாயம் ஒரு வாசகசாலை. கழுத்தை முன்னே நீட்டி, காலைப் பின்னே நீட்டி, நடுவே சிறகை அகல விரித்து நிதானமாக வருவது நாரை. கழுத்தை மடித்துத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு காலை மட்டும் நீட்டிக்கொண்டு வருவது கொக்கு. பகல் முழுவதும் கழுத்தை நீட்டி மீன் பிடித்த சிரமத்துக்கு வீடு திரும்பும்போதாவது அதைச் சுருட்டி வைத்துக்கொள்வோம் என்று நினைக்கிறதோ என்னவோ. நத்தைகுத்தி நாரையின் அலகு முழுவதும் மூடுவதில்லை; மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் நடுவே ஓர் இடைவெளி எப்போதும் இருக்கும். பகலில் யாரும் பொருட்படுத்தாத அந்தச் சந்து, அந்தியில் பார்த்தால் கறுப்பு அலகுக்கு நடுவே ஓர் ஆரஞ்சுக் கீற்றாக ஆகாயத்தைக் காட்டுகிறது. குஞ்சுகளுக்கு அந்தச் சந்து இல்லை. வளர்ந்த பிறகே அது ஏற்படுகிறது. வளைந்த அலகோடு அணிவகுத்துப் பறப்பவை அரிவாள்மூக்கன்கள். அவற்றில் வெள்ளை உடம்பு உள்ள இனமும் மினுங்குகிற கரிய உடம்பு உள்ள இனமும் அந்தியில் எந்த வர்ண பேதமும் இன்றிச் சமமாகிவிடுகின்றன. இனம் பிரித்தே தீர வேண்டும் என்பவர்கள் பருமனைக் கொண்டுதான் பார்க்க வேண்டும்.

கரண்டிவாயன் என்கிற பறவையிடம் மட்டும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அதன் அலகின் நுனி தட்டையாக, அகலமாக, கரண்டி போலவே இருக்கிறது என்பது வாஸ்தவம். ஆனால் அந்தத் தட்டை கிடைமட்டமானது. நம் தலைக்கு நேர் மேலே பறந்தால் கரண்டி தெரியும். பக்கவாட்டில் பறந்தால் கரண்டியின் விளிம்பு மட்டும் தெரிந்து, அது வெறும் காம்பாகிவிடும். தலைக்கு மேலே பறக்கும்போது அங்கே அஸ்தமனச் சிவப்பு இல்லை; சிவப்பு இருக்கிற அடிவானத்தில் பறக்கும்போது கரண்டி இல்லை. பாம்புத்தாரா கோணலான மெல்லிய கழுத்தையும் விசிறி வாலையும் காட்டித் தன் முகவரியைத் தானே சொல்லிவிடும். கூழைக்கடா பெரிய உடம்பையும் அதைவிடப் பெரிய அலகையும் தூக்கிக்கொண்டு, கழுத்தைப் பின்னுக்கு இழுத்து, ஜமீன்தார் தோரணையில் சிறகடிப்பதும் மிதப்பதுமாக வரும். நீர்க்காகத்தைப் பற்றித்தான் ஒரு தர்மசங்கடம். அது பட்டப்பகலிலேயே கறுப்பு. அதை அந்தியில் எடுத்தால் அது கோட்டுருவப் படமா, அல்லது அசல் வர்ணப் படமா என்று நிர்ணயிக்கிற சாஸ்திரம் இன்னும் எழுதப்படவில்லை. எல்லாம் வந்து அடைந்த பிறகு, ராத்திரி ஷிப்டுக்குப் புறப்படுகிற ஆலைத் தொழிலாளியைப் போல, கரகரத்த குரலில் ஒரு சத்தம் கொடுத்துக்கொண்டு கிளம்புகிறது வக்கா. உலகம் முழுவதும் கூடு திரும்பும்போது எதிர்த் திசையில் பறக்கிற அந்த ஒன்றைப் படத்தில் பார்த்துவிட்டு, ‘இது மட்டும் வழி தவறிப் போகிறதோ’ என்று கேட்பவர்கள் உண்டு.

பறவை தன்னளவில் சரியாக வந்தாலும், சிறகு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தே படம் பிழைக்கிறது. மேலே தூக்கியிருந்தால் அழகு. கீழே வீசியிருந்தாலும் அழகு. இரண்டுக்கும் நடுவே, சிறகு உடம்பின் மட்டத்தைக் கடக்கிற அந்த க்ஷணத்தில் பக்கவாட்டில் எடுத்துவிட்டால், ஒரு மகத்தான நாரை கணக்குப் புத்தகத்துக் கழித்தல் குறியாக ஆகிவிடுகிறது. விநாடிக்கு இருபது படம் எடுக்கிற காமிரா வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை என்று சொல்வார்கள். அவர்களுடைய கவலை, இருபது கழித்தல் குறிகளில் எதை வைத்துக்கொள்வது என்பது. கூட்டமாக வருகிறபோது அபாயம் இன்னும் அதிகம். வர்ணப் படத்தில் ஒரு பறவைக்குப் பின்னால் இன்னொன்று வந்தால், முன்னது முன்னதாகவும் பின்னது பின்னதாகவும் தெரியும். கோட்டுருவத்தில் முன் பின் என்கிற வித்தியாசமே கிடையாது. இரண்டும் ஒன்றாய் ஒட்டி, இரண்டு தலையும் நான்கு சிறகும் உள்ள கண்டபேருண்டமாக அவதாரம் எடுத்துவிடும். மைசூர் மகாராஜாக்களின் சின்னமாக இருந்த அந்தப் பட்சியை ஆதியில் கற்பனை செய்தவர், ஏதோ ஓர் ஏரிக்கரையில் அந்திப் பொழுதில் நின்றவராகத்தான் இருக்க வேண்டும் என்பது என் சொந்த ஊகம். சரித்திர ஆசிரியர்கள் இதை ஏற்க வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை.

இவ்வளவு நிபந்தனைகளுக்கும் தப்பிப் பிழைத்து வந்த சில படங்களை நல்ல காகிதத்தில் பெரிதாகப் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கூடத்தில் பரப்பிவைத்தேன். என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக, நிதானமாக, முழு மரியாதையோடு பார்த்து முடித்துவிட்டு, “ஏங்க, எல்லாம் காக்காதானே?” என்றாள். நான் நாரையின் நீட்டிய காலைக் காட்டினேன். அரிவாள்மூக்கனின் அலகைக் காட்டினேன். “அது சரி, காக்கா கொஞ்சம் நீளமா விழுந்திருக்கு” என்று சமாதானமாகச் சொன்னவள், சற்று யோசித்து, “அமாவாசைக்கு மொட்டை மாடியில ஒரு கவளம் சோறு வெச்சா இத்தனையும் தானா வருமே, இதுக்கா வேடந்தாங்கல் வரைக்கும் போயிட்டு வர்றீங்க?” என்று கேட்டாள். என் மாமனார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அச்சுப் போட்டவர் கறுப்பு மைக்குத் தனியாகச் சார்ஜ் செய்தாரா என்று விசாரித்தார். தம்பி மகன் ஒருவன், “பெரியப்பா, இதை நான் சரி பண்ணித் தர்றேன்” என்று சொல்லி, மூலப் படத்தைத் தன் போனில் ஏற்றி, நிழல் பகுதிகளின் வெளிச்சத்தை மாத்திரம் உயர்த்தினான். கறுப்பு விலகியது, அதன் உள்ளேயிருந்து புள்ளி புள்ளியாக, சாம்பல் பூத்து, நிறம் என்று சொல்ல முடியாத ஒரு நிறத்தில், பறவையின் ஆவி என்று சொல்லத்தக்க ஒன்று எட்டிப் பார்த்தது. “இப்ப தெரியுது பாருங்க” என்று எல்லோரும் திருப்தியடைந்தார்கள். “கொஞ்சம் வெளுத்த காக்கா” என்று என் மனைவியும் அதை அங்கீகரித்தாள்.

தற்காப்புக்காக நான் பெரியவர்களின் பெயரை இழுத்தேன். நாவலாசிரியர் மாதவையாவின் புதல்வரும், வனவிலங்குகளைப் பற்றி ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் 1950 முதல் தாம் காலமான 1996 வரையில் விடாமல் எழுதியவருமான மா. கிருஷ்ணன், தாமே பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய ஒரு பாரமான காமிராவைச் சுமந்துகொண்டு காடு காடாகத் திரிந்து, கறுப்பு வெள்ளையிலேயே படங்கள் எடுத்தார் என்பதை எடுத்துரைத்தேன். சம்பந்தமில்லாத ஒரு தீர்ப்பை மேற்கோள் காட்டுகிற வக்கீலின் நிலைமைதான் எனக்கு. ஏனென்றால் அவருடைய கறுப்பு வெள்ளையில் யானைத் தோலின் மடிப்புகள் ஒன்றுவிடாமல் தெரியும். “அவர் படத்துல வெள்ளையும் இருக்குமில்ல?” என்று மாமனார் கேட்டதோடு வழக்குத் தள்ளுபடியாயிற்று.

அப்பீல் எதிர்பாராத இடத்தில் நடந்தது. பிறகு ஒரு பிப்ரவரி மாதத்து மாலை. டிசம்பரில் 5.45 மணி சுமாருக்கே மறைகிற சூரியன் அந்த மாதத்தில் 6.10-ஐத் தாண்டியும் நிற்பான். சரணாலயத்தையோ ஆறு மணிக்கு அடைத்துவிடுவார்கள். ஆகவே வெளியே சாலையோரத்து டீக்கடைப் பக்கமாக நின்று, வயல்களின் மேலாகத் திரும்பி வருகிற பறவைகளை எடுத்துவிட்டு, காமிராவின் முதுகிலுள்ள சின்னத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். மண்வெட்டியைத் தோளில் சாய்த்தபடி டீ குடித்துக்கொண்டிருந்த வயதான குடியானவர் ஒருவர், ஏரிப் பாசனத்தில் நிலம் வைத்திருப்பவர், “காட்டுங்க சார், பாப்போம்” என்று கிட்டே வந்தார். திரைமேல் விளக்கு வெளிச்சம் படாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, நான் பொத்தானை அழுத்த அழுத்த, தயக்கம் சற்றும் இல்லாமல் சொல்லிக்கொண்டே போனார்: “இது நத்தைகுத்தி, வாய் மூடல பாருங்க. இது அருவாமூக்கன். இது கூழக்கடா. இது நீர்க்காக்கா. இது வக்கா, இப்பத்தான் கிளம்புது.” ஒன்றைக்கூட அவர் காக்கை என்று சொல்லவில்லை. ஒரு படத்தில் ஒட்டிப்போயிருந்த கண்டபேருண்டத்தைக்கூட, “ரெண்டு நாரை, ஒண்ணு பின்னால வருது” என்று பிரித்துக் கொடுத்துவிட்டார்.

நிறமே இல்லாமல் எப்படி இவ்வளவு கறாராகச் சொல்ல முடிகிறது என்று கேட்டேன். அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. “விடியக்காலம் வயலுக்கு வரும்போதும் இப்படித்தான் போகும், சாயங்காலம் மடையை அடைச்சிட்டு ஏறும்போதும் இப்படித்தான் வரும். நல்ல வெளிச்சத்துல அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்க எங்களுக்கு ஏது சார் நேரம்?” என்றார். அவர் ஆயுள் முழுவதும் பறவைகளைக் கோட்டுருவமாகவே பார்த்து வந்திருக்கிறார். லென்ஸும் மீட்டரும் வைத்துக்கொண்டு நான் செலவு செய்து அடைந்த இருட்டு அவருக்குத் தினசரிக் கூலியோடு இலவசமாகக் கிடைத்திருக்கிறது. என் கட்சி ஜெயித்துவிட்டது என்ற பூரிப்பில் அவருடைய டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்தேன். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு புறப்படும்போது, நல்ல மனிதருக்கு ஓர் உபகாரம் செய்வோம் என்ற பாவனையில் திரும்பி, “ஆனா சார், எல்லாப் படமும் இருட்டாவே விழுந்திருக்கு. அடுத்த தரம் வாங்கும்போது நல்ல காமிராவா பாத்து வாங்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று முதல் இந்த விஷயத்தில் நான் ஒரு சட்டம் வகுத்துக்கொண்டிருக்கிறேன். படத்தில் இருப்பது இன்ன பறவை என்று சரியாகச் சொல்லத் தெரிந்தவர்கள், அது இருட்டாக இருக்கிறது என்று குறை கூறலாம். அவர்கள் வார்த்தைக்கு நான் கட்டுப்பட்டவன். காக்கை என்பவர்கள் முதலில் ஏரிக்கரைக்கு வந்து ஓர் அறுவடைக் காலம் மடை திறந்து அடைக்க வேண்டும். சட்டத்தை வீட்டில் வாசித்துக் காட்டினேன். மடை திறக்கிற வேலையை முதலில் குளியலறைக் குழாயில் ஆரம்பிக்கலாம், மூன்று நாளாகச் சொட்டுகிறது என்று பதில் வந்தது.